கிராதி நகர்ந்த லெந்து

எபனேசர்விளைக் கோயிலில் பலிபீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதி, அதாவது சனங்கள் முழங்கால்படியிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்குகிற அந்தக் குட்டையான தேக்கு வேலி, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் இடத்தை விட்டு ஒரு பெஞ்சு தூரம் சனங்களைப் பார்த்து நகர்ந்து வந்திருந்தது. அதை முதலில் பார்த்தவர் சபை மூப்பர் சற்குணம். பார்த்ததும் அவர் ஆச்சரியப்படவில்லை, கோயிலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் எடுத்த இடத்தில் வைக்காமல் போய்விட்டார்கள் என்று திட்டினார். திட்டி முடித்த பிறகுதான் வெள்ளையடித்தது போன கிறிஸ்துமஸுக்கு என்பது நினைவுக்கு வந்தது.

கிராதிக்கு அந்தப் பக்கம் குருவானவரைத் தவிர வேறு யாரும் கால் வைக்கக் கூடாது என்பது அந்த ஊரில் தாய்ப்பாலோடு ஊட்டிவிடுகிற சட்டம். கோயிலைப் பெருக்குகிறவர்கூட நீளக் கம்பில் கட்டிய விளக்குமாற்றை வெளியே நின்று நீட்டித்தான் உள்ளே பெருக்குவார். ஆகவே, முதல் பெஞ்சில் பரம்பரையாக உட்கார்ந்து வந்த பங்களா வீட்டார் அன்றைக்கு ஆராதனைக்கு வந்தபோது தங்கள் பெஞ்சு கிராதிக்கு உள்ளே போய்விட்டதைக் கண்டார்கள், கிராதியைப் பார்த்தார்கள், பெஞ்சைப் பார்த்தார்கள், சற்குணத்தைப் பார்த்தார்கள், பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரண்டாவது பெஞ்சுக்காரர்கள் மூன்றாவதுக்குப் போனார்கள், மூன்றாவதுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே நான்காவதுக்குப் போனார்கள், இப்படியே ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு போய் ஊர் முழுக்க ஒரு பெஞ்சு பின்னால் நகர்ந்தது. பாட்டு தொடங்கியபோது எல்லோரும் அது எப்போதும் இருந்த இடம் போலவே உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு கிராதி இன்னும் ஒரு பெஞ்சு தூரம் வந்தது. பெஞ்சுகளை அது எப்படித் தாண்டுகிறது என்று யாரும் கேட்கவில்லை; தரையில் இழுத்த தடமும் இல்லை. மாடசாமி ஆசாரியைக் கூப்பிட்டு, இரும்பு போல்ட்டு போட்டுத் தரையோடு இறுக்கச் சொன்னார்கள். அவரும் வியர்க்க விறுவிறுக்க இறுக்கிவிட்டுப் போனார். மறுவாரம் போல்ட்டுகள் இறுக்கின இடத்தில் இறுக்கினபடியே நின்றன, கிராதி மட்டும் முன்னால் வந்திருந்தது.

"என் வேலையில குத்தமில்ல மூப்பரே, போல்ட்டு அங்கனயேதான இருக்கு" என்றார் ஆசாரி. "எங்க சாமின்னா குறி கேப்போம். உங்க சாமிகிட்ட யாரை விட்டுக் கேக்கணும்?"

சற்குணம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுக்கத் தனியாகக் கோயிலில் உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தார். கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதை யார் கண்டது? அதுபோல அவரும் எதையும் காணவில்லை. ஆனால் எழுந்திருக்கும்போது கிராதி அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஊர் பழகிக்கொண்டது. மனிதர்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள்? பாடகர் குழு வாசலிலிருந்து பாடிக்கொண்டே வரும் பவனி இப்போது முதல் சரணத்திலேயே கிராதியில் முட்டி நின்றது. அதனால் சின்னப் பாட்டாகப் பொறுக்கினார்கள். குருவானவருக்கும் சனங்களுக்கும் நடுவில் வெறும் பெஞ்சுகள் கூடிக்கொண்டே போக, அவருடைய குரல் கேட்கவில்லை என்று புது மைக்கு வாங்கினார்கள். ஆளில்லாத முன் பெஞ்சுகளில் குருவிகள் வந்து உட்கார்ந்தன. பின் பெஞ்சுகளுக்கு மேலே கரண்டுக் காற்றாடி கிடையாது. பங்களா வீட்டார் வீட்டிலிருந்து விசிறி கொண்டு வந்தார்கள். நெருக்கிக்கொண்டு உட்கார்ந்ததில் பல வருஷமாகப் பேசாதவர்கள் முழங்கை இடிபட்டு, வேறு வழியில்லாமல் "நகருங்க" என்றாவது பேசினார்கள். நகரவோ இடமில்லை.

சற்குணத்துக்கு மட்டும் பழகவில்லை, ஏனென்றால் கிராதி எதை நோக்கிப் போகிறது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. கடைசி பெஞ்சில் அவருடைய மகள் பியூலா உட்கார்ந்திருந்தாள்.

பியூலாவைச் சபையை விட்டு நீக்கியிருந்தார்கள். வாழைத்தார் ஏற்றுகிற சுடலைமுத்துவைக் கட்டிக்கொண்டாள், அதுவும் அவன் வீட்டுச் சாமி முன்னால் தாலி வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்பது குற்றம். நீக்கப்பட்டவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கலாம், அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து தொடங்கும்போது எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். திரும்பச் சேர வேண்டுமானால் சபை முன்னால் நின்று "நான் செய்தது தப்பு" என்று சொல்ல வேண்டும். அவளை நீக்குகிற தீர்மானம் வந்த அன்றைக்குக் கமிட்டியில் முதல் கையைத் தூக்கியவர் சற்குணம். மகள் என்று பார்த்து மூப்பர் சும்மா இருந்தார் என்று ஒருவர் வாயிலும் வந்துவிடக் கூடாது என்று தூக்கினார், தூக்கின கை அதன் பிறகு பல நாள் சாப்பாட்டுத் தட்டுக்குப் போகும்போதெல்லாம் அவருக்கு வேறு யாருடைய கையாகவோ இருந்தது.

இப்போது அவளுக்கு நடக்கப் பழகுகிற ஒரு பையன், பெயர் ஆதவன். அவனுக்கு இந்தக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும் என்று லெந்து தொடங்கும் முன்பே வந்து கேட்டிருந்தாள். ஈஸ்டர் கழிந்ததும் புருஷனோடு திருப்பூருக்குக் குடிபோகிறாள். அதற்குள் கொடுக்காவிட்டால் இந்த ஊர் மண்ணை இனி மிதிப்பதில்லை என்று தாயிடம் சொல்லிவிட்டாள். பியூலா சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். கமிட்டியோ, அவள் தப்பென்று சொல்ல வேண்டும், பையனுக்கு வேதத்தில் உள்ள பெயராக வைக்க வேண்டும், அப்படியானால் பார்க்கலாம் என்றது.

"கிராதி நகருதது மட்டும் உங்களுக்கு நல்லாத் தெரியுது" என்றாள் சற்குணத்தின் மனைவி லீதியாள், மீனைக் கழுவிக்கொண்டே. "மக போறது தெரியலயே."

"அது அவளைத் தேடித்தான் வருது லீதி."

"வரட்டும்."

"எதுக்கு வருதுன்னு தெரியாம எப்படி வரட்டும்னு விடச் சொல்லுத? அணைக்க வருதோ, அடிக்க வருதோ?"

லீதியாள் கையை உதறினாள். "பெத்தவருக்கே இந்தச் சந்தேகம்னா, மரம் என்ன செய்யும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கிராதி கோயிலின் பாதியைக் கடந்த வாரத்தில் கமிட்டி கூடியது. செயலாளர் ஜெயசிங் வாத்தியார் தீர்மானமாகச் சொன்னார்: "நகர்ந்தது கிராதி. சட்டம் நகரலியே. அது எங்க நிக்குதோ, அதுக்கு இந்தப் பக்கம் சனம். இதுல குழப்பமே கிடையாது."

வெளியூரிலிருந்து வந்திருந்த இளவயதுக் குருவானவர் கிறிஸ்டோபர் மெதுவாகக் கேட்டார். "அது வாசலைத் தாண்டிப் போயிட்டா என்ன செய்வீங்க சார்?"

"வெளிய நிப்போம் ஐயா. ஒழுங்கா நிப்போம்."

எல்லோரும் தலையாட்டினார்கள், சற்குணமும் ஆட்டினார்.

மறுநாள் அவர் மகள் வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுச் சுவரில் சுடலைமாடன் படம் மாட்டியிருந்ததால் அவர் ஒருநாளும் வாசற்படி தாண்டியதில்லை, தண்ணீர் குடித்ததில்லை. முற்றத்தில் நின்றார். பியூலா ஒரு ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டாள். சுடலைமுத்து "வாங்க மாமா" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கருப்பட்டிக் காப்பியைத் தானே கொண்டுவந்து திண்ணைத் திண்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சிரும்லா" என்றார் சற்குணம். "தப்புன்னு ஒரு வார்த்தை. மனசுல இல்லாட்டாலும் வாயால சொல்லு."

பியூலா மடியில் இருந்த பையனின் மூக்கைத் துடைத்தாள். "நான் கட்டுனது தப்புன்னா இவன் தப்புல பொறந்தவன் ஆயிருவான்லா. பெத்தவ அதைச் சபை நடுவுல நின்னு சொல்லணுமா? நீங்க சொல்லுவீயளா, என்னைப் பத்தி?"

சற்குணம் சபையில் வாயால் சொல்லவில்லை, கை தூக்கினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

"பேரை மாத்தணும்னா மாத்திக்கிடட்டும், எனக்கு ஒண்ணுமில்ல மாமா" என்றான் சுடலைமுத்து. "பிள்ளைக்கு ரெண்டு பேரு இருக்கப்பிடாதா என்ன?"

"மாத்த வேண்டாம்" என்றாள் பியூலா. "இவன் யாரோ அவனாவே சேக்கணும். மாத்தித்தான் சேப்பேன்னு சொல்லுத இடத்துல இவன் எதுக்கு?"

"அப்படின்னா அந்தக் கடைசி பெஞ்சுலயாவது உக்காராத தாயி. கிராதி வருது. மேல பட்டுரும்."

"அதுதான் எனக்குக் குடுத்த இடம். நான் எங்கப்பா போவேன்?"

காப்பி தொடாமலே ஆறிப்போனது. சற்குணம் எழுந்து வந்துவிட்டார்.

அந்த ஞாயிறு குருவானவர், பெரும்பாலும் காலியான கோயிலின் அந்தக் கோடியிலிருந்து மைக்கில், ஆதிச் சபையின் தலைவர்களான பவுலும் பேதுருவும் அந்தியோகியாவில் சண்டை போட்டதைப் பிரசங்கித்தார். யூத முறைப்படி சேர்ந்து சாப்பிடக் கூடாத, விருத்தசேதனம் இல்லாத புறஜாதியாரோடு பேதுரு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்; எருசலேமிலிருந்து நாலு பேர் வந்ததும், என்ன சொல்வார்களோ என்று பயந்து மெதுவாகக் கையை உதறிக்கொண்டு எழுந்துபோய் வேறு பந்தியில் உட்கார்ந்தார்; பவுல் எல்லோர் முன்னாலும் முகத்துக்கு நேரே அவரைக் கேட்டுவிட்டார். "நியாயப்பிரமாணத்தால், அதாவது சட்டத்தைக் கைக்கொள்வதால், மனுஷன் நீதிமானாக முடியுமானால் ஆண்டவர் நமக்காகச் சாக வேண்டியதே இல்லையே, அதுதான் பவுலுடைய வாதம்" என்றார் குருவானவர். "பேதுரு கெட்டவர் இல்லை. பயந்தவர்." சபை நெருக்கிக்கொண்டு, வியர்த்துக்கொண்டு, பேதுரு அப்படிச் செய்திருக்கக் கூடாதுதான் என்று ஒருமனதாக உச்சுக் கொட்டியது. சற்குணத்துக்கு மட்டும் மகள் வீட்டில் தொடாமல் விட்டுவந்த காப்பி நினைவுக்கு வந்தது. பிறகு திருவிருந்து தொடங்கியது, பியூலா பையனைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல வேப்பமரத்தடிக்குப் போனாள், பேதுருவுக்கு உச்சுக் கொட்டியவர்கள் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்கள்.

குருத்தோலை ஞாயிறன்று கிராதி கடைசி பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றது. உட்கார ஒரே ஒரு பெஞ்சும், அதற்குப் பின்னால் நிற்கக் கொஞ்சம் இடமும்தான் மிச்சம். பங்களா வீட்டம்மாள் பியூலாவுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாகி, ஆதவன் அவர் விசிறியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான். அம்மாள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. மற்றவர்கள் சுவரோரத்திலும் வாசலிலும் குருத்தோலையோடு நின்றார்கள். அந்த வாரம் முழுக்கச் சற்குணம் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் திருப்பூருக்குப் போகச் சாமான் கட்டிவிட்டாள் என்று லீதியாள் சொன்னாள். இனி ஒரு ஞாயிறுதான்.

ஈஸ்டர் காலையில் வெள்ளை உடுத்தி, மல்லிகைப்பூ வைத்து, சனங்கள் வந்து சேர்ந்தபோது கிராதி கோயில் வாசலின் வெளிப்படியில் நின்றது. கோயில் மொத்தமும் கிராதிக்கு உள்ளே இருந்தது. ஜெயசிங் வாத்தியார் முதல் ஆளாக வேப்பமரத்தடியில் போய் நின்று, ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். சனங்கள் ஒழுங்காக நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

உள்ளே கடைசி பெஞ்சில் பியூலா உட்கார்ந்திருந்தாள்.

எல்லோருக்கும் முன்னதாகவே வந்து, பையனை மடியில் போட்டுக் கண்ணை மூடி ஜெபம்பண்ணியிருக்கிறாள். கண்ணைத் திறந்தபோது கிராதி அவளுக்குப் பின்னால் போயிருந்தது. பையன் தூங்கினதால் எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்திருக்க மனமும் இல்லை. எழுந்து வெளியே போ என்று யாராவது வந்து சொல்லட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். வெளியே நின்றவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். அவளை வெளியே போகச் சொல்ல வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சொல்ல வேண்டுமானால் உள்ளே போக வேண்டும், உள்ளே போகக் கூடாது என்பதிலும் சந்தேகமில்லை. வாசலில் நின்று கத்தலாம் என்றால், ஈஸ்டர் நாளில் கோயிலுக்குள் கத்துவது முறையல்ல. சொல்லக்கூடிய ஒரே ஆள் குருவானவர், அவர் அவளைப் பார்த்தார், இருக்கட்டும் என்று தலையை அசைத்தார், ஆராதனையைத் தொடங்கிவிட்டார்.

சற்குணம் பிரசங்கத்தைக் கேட்கவில்லை. மகளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய கோயிலில் அவள் ஒருத்திதான் இருந்தாள், அவளுடைய தோளுக்கு மேலாக, தூங்கி எழுந்த பையன் வெளியே நின்ற கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே தள்ளுகிற சட்டத்தை இத்தனை வருஷம் அச்சுப் பிசகாமல் காப்பாற்றின ஊர் இப்போது மொத்தமாக வெளியே நிற்கிறது என்பதும், அந்தச் சட்டத்தை இன்றைக்கும் காப்பாற்றிக்கொண்டேதான் நிற்கிறது என்பதும் அவருக்குப் புரிந்தபோது, அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சாயங்காலம் பஸ். பிறகு அவள் வரமாட்டாள்.

திருவிருந்து வந்தது. மூப்பர் என்கிற முறையில் சற்குணம் முதலில் போய் மணலில் முழங்கால்படியிட்டார். குருவானவர் வாசல் வரைக்கும் நடந்து வந்து கிராதிக்கு மேலாக அவருடைய உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். சற்குணம் அதை வாய்க்குக் கொண்டுபோனார், கை பாதியில் நின்றது. பிள்ளை அவரைப் பார்த்தது. பார்த்து, எல்லாப் பிள்ளைகளும் யாரையும் கூப்பிடுகிறதுபோல, விரல்களை மடக்கி மடக்கி வா என்றது.

"பியூலா" என்றார்.

அவள் திரும்பினாள்.

"உள்ள வரட்டுமா தாயி?"

"என்கிட்டயா கேக்கீய?" என்றாள். பிறகு, "வாங்கப்பா" என்றாள்.

சற்குணம் அப்பத்தை வாயில் போட்டுக்கொண்டு, கிராதியைப் பிடித்து எழுந்து, ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார். வேட்டி மாட்டிக்கொண்டது. பின்னால் நின்ற கூட்டம் மூச்சை இழுத்தது. "மூப்பரே, காலை எடுங்க" என்றார் ஜெயசிங் வாத்தியார், மிரட்டலாக இல்லை, தீயில் கைவைக்கப் போகிறவனைத் தடுக்கிற மாதிரி பதறித்தான் சொன்னார். வேதத்தில், யாரும் தொடக் கூடாத கடவுளின் உடன்படிக்கைப் பெட்டி சாயப்போகிறதே என்று பிடிக்கப்போய், தொட்ட இடத்திலேயே செத்து விழுந்த மனிதன் சற்குணத்துக்கும் நினைவுக்கு வந்தான். அப்படியே ஆகட்டும் என்று வேட்டியைக் கிழிய இழுத்து, மற்றக் காலையும் உள்ளே போட்டார்.

மகளிடம் போய்ப் பையனை வாங்கினார். ஞானஸ்நானத் தொட்டி அங்கே, வாசலையொட்டிக் கடைசி பெஞ்சின் பக்கத்தில்தான் எப்போதும் இருக்கிறது. குருவானவர் வெளியே பார்த்தார். அனுமதி தரவேண்டிய கமிட்டி முழுக்க மணலில் நின்றது. அவர் அப்பத் தட்டைக் கொண்டுபோய்ப் பலிபீடத்தில் வைத்துவிட்டு வந்து, தொட்டியின் மூடியைத் திறந்தார்.

"இந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு?"

"நான்" என்றார் சற்குணம். சட்டப்படி, கிராதியைத் தாண்டின அந்த நிமிஷத்திலிருந்து அவரும் யாருக்கும் பொறுப்பேற்கத் தகுதியில்லாதவர். அது அவருக்கும் தெரியும், குருவானவருக்கும் தெரியும்.

"இவனுடைய பேர்?"

சற்குணம் பையனைத் தொட்டிக்கு மேலே சாய்த்துப் பிடித்தார்.

"ஆதவன்."

தண்ணீர் தலையில் விழுந்ததும் பையன் திடுக்கிட்டு, உதட்டைப் பிதுக்கி, அழலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத் தும்மினான். சற்குணம் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். வரவேண்டியது வரட்டும் என்று காத்திருந்தார். கூரை இருந்த இடத்தில் இருந்தது. குருவிகள் முன் பெஞ்சில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பையனுடைய தலையிலிருந்து சொட்டின தண்ணீர் அவருடைய கையில் வழிந்தது, அது வெறும் தண்ணீராக, குளிர்ச்சியாக இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நெருப்பு விழுந்திருந்தால்கூட வராத பயத்தை, ஒன்றுமே நடக்கவில்லை என்பது அவருக்குக் கொடுத்தது. இன்றைக்கு ஒன்றும் நடக்காது என்றால் இத்தனை நாளும் ஒன்றும் நடந்திருக்காது. இந்தப் பெண்ணை அவர் எதற்கு வெளியே நிறுத்தினார்? எந்த நெருப்புக்குப் பயந்து, எவருடைய கண்ணுக்குப் பயந்து, வெயிலிலும் மழையிலும் அந்த மரத்தடியில் பெற்ற பிள்ளையை நிறுத்தினார்?

ஒரு கையைத் தொட்டி விளிம்பில் ஊன்றி, மற்றக் கையால் பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மகளிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார்.

"எப்பா, பிள்ளையைக் கீழ போட்டுருவீய" என்றாள் பியூலா. பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "இங்கன உக்காருங்க முதல்ல."